குறைந்த விலை இ-ரீடரே போதும்: புதிதாக வாங்குபவர்களுக்கு

போனிலேயே புத்தகம் படிக்கலாமே, மின்னூல் படிப்பதற்கென்றே இ-ரீடர் என்று தனியாக ஒரு கருவி எதற்கு என்று கேட்பது நியாயம்தான். போனில் ஒரே மூச்சில் நாற்பது பக்கம் படித்துவிட முடிகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர்கள் எதுவும் வாங்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்பது தெரிந்த கதை. அத்தியாயம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து மேலிருந்து ஒரு நோட்டிஃபிகேஷன் இறங்கும். யாரென்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனால், அரை மணி நேரம் கழித்து முன்பின் தெரியாத ஒருவரின் ரீல்ஸில் நிற்போம். கதாநாயகன் கதவைத் தட்டியபடியே நின்றுகொண்டிருப்பான்.

இ-ரீடரில் அப்படி நழுவிப் போக இடமில்லை. சில கருவிகளில் பிரவுசர் இருக்கிறது. ஆனால் அதைத் திறந்து ஒரு பக்கம் வந்து சேர்வதற்குள் பொறுமை போய்விடும், நாமே புத்தகத்துக்குத் திரும்பிவிடுவோம். விலை குறைந்த கருவிகளில் வசதி குறைவு என்று விமர்சனங்களில் எழுதுவார்கள். படிப்பதற்கென்றே வாங்குபவருக்கு அந்தக் குறைவுதான் லாபம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு எடுக்க வேண்டிய முடிவுகள் பெரும்பாலும் சுலபமாகிவிடும்.

திரையைப் பற்றிக் கொஞ்சம்

இ-ரீடருக்கும் டேப்லெட்டுக்கும் உள்ள வித்தியாசமே திரைதான். போன் திரை தானே ஒளிர்ந்து வெளிச்சத்தை நம் கண்ணை நோக்கி அனுப்புகிறது. இ-ரீடரின் இ-இங்க் திரைக்குள் முடியின் தடிமனே உள்ள நுண்ணிய குமிழிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழியிலும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்புலத்தைத் திருப்பினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்த நிறம் அங்கேயே நின்றுவிடும். நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் செலவு. பேட்டரி வாரக்கணக்கில் வருவதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தொழில்நுட்பம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்தில் முளைத்தது. அதை விற்பனைக்குக் கொண்டுவர 1997-இல் இ-இங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2004-இல் சோனி ஜப்பானில் இந்தத் திரையோடு முதல் ரீடரை விற்றது. 2007 நவம்பரில் அமேசானின் இ-ரீடரான கிண்டில் வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

முதன்முதலாகக் கையில் எடுக்கும்போது ஒன்று உறுத்தும். பக்கம் திருப்பினால் எழுத்துகள் ஒரு கணம் கலங்கி, சில சமயம் திரை முழுதும் கறுத்து வெளுத்து, அப்புறம் புதுப் பக்கம் தெளியும். கருவி கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும். கெடவில்லை. முந்தைய பக்கத்தின் நிழல் தங்காமல் இருக்க துகள்களை ஒருமுறை உதறிவிட்டு அடுக்குகிறது, அவ்வளவுதான். நாலைந்து நாளில் அது கண்ணில் படுவதே நின்றுவிடும்.

வெயிலில் போன் திரை மங்கும் அல்லவா, இது அங்கேதான் பளிச்சென்று தெரியும். தாளைப் போல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற திரை இது. இருட்டில் படிக்க ஓரங்களில் சின்ன எல்இடி விளக்குகள் இருக்கும். அவை பின்னாலிருந்து கண்ணில் அடிப்பதில்லை, மேலிருந்து திரையின் மீது பரவும்.

எதை வாங்குவது

ஆறு அங்குலத் திரை, உள்ளே விளக்கு, முடிந்தால் திரையில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் (பிக்சல்). முதல் கருவிக்கு இந்த மூன்றைப் பார்த்தால் போதும்.

இதில் புள்ளி அடர்த்தி தமிழ் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் முக்கியம். பழைய மலிவுக் கருவிகளில் 167 புள்ளிகள்தான் இருக்கும். ஆங்கில எழுத்துக்கு அது ஒப்பேறும். தமிழில் ‘ன’வையும் ‘ண’வையும் பிரிக்கும் சுழி, மெய்யெழுத்தின் மேல் நிற்கும் புள்ளி எல்லாம் சிறிய எழுத்தளவில் மங்கிவிடும். எழுத்தைப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம், ஆனால் பக்கத்துக்கு ஆறேழு வரிதான் தேறும். 2022 முதல் வந்த அடிப்படை கிண்டிலிலும், கோபோ நிறுவனம் 2024-இல் விட்ட கிளாரா பிடபிள்யூவிலும் 300 இருக்கிறது. ஆக, இப்போது இதற்காக விலை உயர்ந்த மாடலுக்குப் போக வேண்டியதில்லை.

சேமிப்பிடத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். படம் இல்லாத நாவல் ஒன்று பெரும்பாலும் இரண்டு மூன்று எம்பியைத் தாண்டாது. 8 ஜிபி இருந்தாலே ஆயுளுக்குப் படிக்கிற அளவு ஏற்றலாம். ஒலிப்புத்தகம் கேட்பவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

வெளிச்சத்தை மஞ்சளாக மாற்றும் வசதி இரவில் இதமாக இருக்கும், ஆனால் கட்டாயமில்லை. தண்ணீர் தாங்கும் உடல், குளியலறையில் படிக்கிறவர்களுக்கு. பேனாவால் எழுதும் வசதி, பத்து அங்குலத் திரை, ஆண்ட்ராய்டு செயலிகள் இதெல்லாம் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. செயலி போட முடிகிற ரீடரில் ஒரு மாதத்துக்குள் மெயிலும் அரட்டையும் ஏறிவிடும், பிறகு அது மெதுவாக ஓடும் டேப்லெட்தான். வண்ணத் திரையும் அப்படித்தான். இப்போது பரவலாக உள்ள வண்ண இ-இங்க் திரைகளில் கறுப்பு எழுத்துக்கு 300 புள்ளிகள், வண்ணத்துக்கு 150. மேலே வண்ண வடிகட்டி உட்கார்ந்திருப்பதால் பின்னணியும் கொஞ்சம் சாம்பல் தட்டும். சித்திரக்கதை படிக்காதவர்களுக்கு அது நஷ்டக் கணக்கு.

கிண்டிலா, கோபோவா, பாக்கெட்புக்கா? நீங்கள் படிக்க விரும்பும் புத்தகங்கள் எந்தக் கடையில் கிடைக்கின்றன என்று முதலில் பாருங்கள், கருவியை அப்புறம் தேர்ந்தெடுங்கள். தமிழில் விலைக்கு வாங்கிப் படிக்கப் போகிறீர்கள் என்றால் கிண்டில் கடையில்தான் தலைப்புகள் அதிகம். 2016 கடைசியில் அமேசான் தமிழ் மின்னூல்களை விற்கத் தொடங்கிய பிறகு அங்கே நிறையச் சேர்ந்துவிட்டது. இலவச நூல்களையும் நீங்களே சேர்த்துவைத்த கோப்புகளையும்தான் அதிகம் படிப்பீர்கள் என்றால் கோபோ, பாக்கெட்புக் வகையறாக்கள் கெடுபிடி இல்லாதவை. கழற்றிப் பழுதுபார்க்க கோபோவின் 2024 மாடல்களுக்கு உதிரி பாகங்களும் செய்முறையும் கிடைக்கின்றன. இந்தத் துறையில் அது அபூர்வம்.

சில நாடுகளில் கிண்டிலின் மலிவுப் பதிப்பில், கருவி தூங்கும்போது திரையில் விளம்பரம் காட்டுவார்கள். படிக்கும்போது குறுக்கே வராது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. சிலருக்குப் பார்த்தாலே எரிச்சல்.

பழையது வாங்கினால்

இ-ரீடர் செகண்ட் ஹேண்டில் வாங்க நல்ல பொருள். நிறையப் பேர் ஆசையாக வாங்கி, இரண்டு புத்தகம் படித்து, டிராயரில் போட்டுவிடுகிறார்கள். கையில் வாங்கியதும் செய்ய வேண்டியது: முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து விளக்கைக் கூட்டிப் பாருங்கள். மாறாத கோடோ, நகராத கறையோ தெரிந்தால் திரை அடிபட்டிருக்கிறது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். முந்தைய உரிமையாளரின் கணக்கை அவரை வைத்தே நீக்கச் சொல்லுங்கள். திருட்டுப் போனதாகப் புகார் ஆன கிண்டிலை உங்கள் கணக்கில் சேர்க்க முடியாது. இன்னொன்று, 2019-க்கு முன் வந்த அடிப்படை கிண்டில்களில் உள்விளக்கு கிடையாது. ‘ஒரிஜினல் கண்டிஷன்’ என்று படம் போட்டிருப்பார்கள், இரவில்தான் குட்டு வெளிப்படும்.

முதல் அரை மணி நேரம்

சார்ஜ் ஏற்றி, வைஃபையில் சேர்த்து, கணக்கைத் தொடங்கி, மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் முடித்துவிடுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு புத்தகத்தைத் திறந்து எழுத்தமைப்புக்குப் போங்கள். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

எழுத்தளவை நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி பெரிதாக வையுங்கள். அச்சுப் புத்தகத்தில் பக்கத்தை மிச்சப்படுத்தச் சிறிய எழுத்து போடுவார்கள், இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள். தமிழில் மேலே விசிறி எழும் ‘கீ’யும் கீழே வால் இறங்கும் ‘கு’வும் அடுத்தடுத்த வரிகளில் வந்தால் முட்டிக்கொள்ளும். ஓர இடைவெளியைக் குறையுங்கள், ஆறு அங்குலத்தில் அது வீண். வரியை இருபுறமும் சமமாக இழுத்து நிரப்பும் அமைப்பு இருந்தால் இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கும்படி மாற்றுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, இழுத்து நிரப்பினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும்.

கீழே ‘இன்னும் இவ்வளவு நிமிடம்’ என்று காட்டும் கணக்கை அணைத்துவிடுவது நல்லது. பந்தயம் ஓடுகிற மாதிரி ஆகிவிடும். கடைசியாக, வைஃபையை அணையுங்கள். புத்தகம் இறக்கும்போது மட்டும் போட்டால் போதும். பேட்டரியும் மிஞ்சும், முகப்பில் கடை விரித்து ஆசை காட்டுவதும் குறையும்.

புத்தகங்களுக்கு எங்கே போவது

விலைக்கு வாங்குவது தெரிந்த வழி, கருவியிலேயே கடை இருக்கும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மின்னூல் கடைகளில் பெரும்பாலும் நீங்கள் வாங்குவது படிக்கும் உரிமத்தை, புத்தகத்தை அல்ல. 2009-இல் உரிமைச் சிக்கல் ஒன்றுக்காக அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே இரண்டு நாவல்களை அழித்தது. பிறகு ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் நிறுத்தினார்கள். நகலெடுக்க முடியாதபடி கடைக்காரர் பூட்டுப் போட்டு விற்கும் நூல் இன்னொரு நிறுவனத்தின் கருவியில் திறக்காது. நேரடியாக விற்கும் சில பதிப்பாளர்கள் பூட்டு இல்லாமல் தருகிறார்கள். அப்படிக் கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள்.

இலவசத்துக்குக் குறைவே இல்லை. 1971-இல் தொடங்கிய புராஜெக்ட் குட்டன்பர்க்கில் காப்புரிமை முடிந்த நூல்கள் எழுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலம். தமிழில் சங்க இலக்கியம் தொடங்கிப் பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தருகிற மதுரைத் திட்டம் 1998 முதல் நடக்கிறது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற இலவசப் பகிர்வு உரிமத்தில் கொடுத்த சமகால நூல்கள் கிடைக்கும். அங்கே இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவத்தோடு ஆறு அங்குலத் திரைக்கென்றே வடிவமைத்த பிடிஎஃப்பும் தருகிறார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று தெரிகிறது.

நூலக உறுப்பினர் அட்டை இருந்தால் உங்கள் நூலகம் மின்னூல் இரவல் தருகிறதா என்று கேளுங்கள். பல நாடுகளில் ஓவர்டிரைவ் என்ற இரவல் சேவை வழியாகத் தருகிறார்கள். அதைக் கிண்டிலில் படிப்பது அமெரிக்காவில் மட்டும்தான் நடக்கும், மற்ற இடங்களில் இதற்குக் கோபோதான் வசதி.

கருவிக்குள் ஏற்றுவது

மின்னூலுக்குப் பொது வடிவம் இபப். கோபோ, பாக்கெட்புக் கருவிகளில் கேபிளைச் செருகி, கணினியில் தெரியும் ஃபோல்டரில் கோப்பை நகலெடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. கிண்டிலில் இபப்பைக் கேபிள் வழியாகப் போட்டால் கருவி அதைக் கண்டுகொள்ளாது. ‘சென்ட் டு கிண்டில்’ பக்கத்தில் கோப்பை ஏற்றுங்கள், அவர்களே வடிவம் மாற்றி வைஃபை வழியாக அனுப்புவார்கள். போனிலிருந்தும் அனுப்பலாம்.

நூல்கள் சேரச் சேர காலிபர் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள். கோவிட் கோயல் என்பவர் 2006-இல் தொடங்கி இன்றும் பராமரித்து வருகிறார். நூலைச் சேர்ப்பது, தலைப்பும் ஆசிரியர் பெயரும் திருத்துவது, வடிவம் மாற்றுவது, கருவிக்கு அனுப்புவது எல்லாம் அதில் ஆகும். பார்க்கக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், பயப்பட வேண்டாம். நூறு பட்டன்களில் நமக்குத் தேவை நாலு.

கேபிளைச் செருகியும் கணினியில் கருவி தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டும்தான், அவற்றில் கோப்பு போகாது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கருவியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

தமிழ் எழுத்து உடைகிறதா?

‘கொண்டு’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். கொம்பு, ககரம், கால் மூன்றும் அதனதன் இடத்தில் இருந்தால் கருவிக்குத் தமிழ் தெரியும். கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு தனியாகத் தெரிந்தாலோ, எழுத்துகளைக் கோத்து அடுக்கும் வேலை அந்தக் கருவியில் நடக்கவில்லை என்று பொருள். எல்லாமே கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துருவே இல்லை.

கட்டத்துக்கு மருந்து சுலபம். கூகுளின் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றை இறக்கி, கருவியின் ‘ஃபாண்ட்ஸ்’ ஃபோல்டரில் போட்டு, படிக்கும்போது அதைத் தேர்ந்தெடுங்கள். கிண்டில், கோபோ இரண்டிலும் இது முடியும். கோபோவில் அந்த ஃபோல்டரை நீங்களே உருவாக்க வேண்டும். கொம்பு இடம் மாறுவது எழுத்துருவால் தீராது. மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் கேஓரீடர் என்ற மாற்று மென்பொருள் இருக்கிறது. கோபோவில் நிறுவுவது கடினமில்லை, கிண்டிலில் நிறுவனம் போட்ட மென்பொருள் பூட்டை உடைத்தாக வேண்டும். முதல் நாளே அதில் இறங்காதீர்கள்.

பிடிஎஃப் என்னும் தலைவலி

புதிதாக வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பிடிஎஃப்பில் பக்கம் ஓவியம் மாதிரி உறைந்து கிடக்கும், எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. ஏ4 அளவில் ஸ்கேன் செய்த நூலை ஆறு அங்குலத்தில் திறந்தால் எறும்பு ஊர்வது போலிருக்கும். ‘நூலகம்’ என்ற இணையதளத்திலும் தமிழ் இணைய நூலகத்திலும் உள்ள அரிய நூல்களில் பெரும்பாலானவை இப்படி ஸ்கேன் செய்தவைதான். கருவியைப் படுக்கை வாட்டத்தில் திருப்பி, ஓர வெள்ளையை வெட்டிப் பாருங்கள். சிறிய அளவுப் புத்தகங்கள் அப்படித் தேறிவிடும். தேறாதவற்றைக் கணினியில் படியுங்கள்.

எழுத்துகளாகவே தெரியும் பிடிஎஃப்பைக் காலிபரில் மாற்றிவிடலாமே என்று தோன்றும். முதலில் அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் செய்தது, மாற்றிப் பார்க்கலாம். ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாகக் கொட்டினால் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் செய்தது. அதை அப்படியே மாற்றினால் அதே குப்பைதான் புத்தகம் முழுக்க வரும். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டுத் திருத்த வேண்டும். அவ்வளவு வேலை செய்ய அந்தப் புத்தகம் தகுதியானதா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

உடையாமல் வைத்திருக்க

பேட்டரியைவிட திரைதான் இ-ரீடர்களின் உயிரை அதிகம் வாங்குகிறது. பெரும்பாலான கருவிகளில் திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு உண்டு. கீழே விழாமலே, பையில் சாவிக்கொத்தோ தண்ணீர் பாட்டிலோ அழுத்தினாலும் விரிசல் விடும். மேற்பரப்பு நன்றாக இருக்கும், உள்ளே பாதித் திரை கோடு கோடாக உறைந்திருக்கும். திரையை மூடுகிற கெட்டியான உறை ஒன்றைக் கருவியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். மற்ற துணைப்பொருள்கள் எதுவும் தேவைப்படாது.

கருவி அசையாமல் நின்றுவிட்டால் பவர் பட்டனை நாற்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலும் மறுபடி கிளம்பிவிடும். பழைய பக்கத்தின் நிழல் தெரிந்துகொண்டே இருந்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் திரையை முழுதாகப் புதுப்பிக்கும் அமைப்பைப் போடுங்கள். பேட்டரி திடீரென்று இரண்டே நாளில் தீர்ந்தால் அண்மையில் எத்தனை நூல் ஏற்றினீர்கள் என்று பாருங்கள். ஏற்றுகிற ஒவ்வொரு நூலையும் தேடலுக்காகக் கருவி உள்ளே அட்டவணை போடும். ஐந்நூறு நூலை ஒரே நாளில் கொட்டினால் மணிக்கணக்கில் அதே வேலையாக ஓடும். சார்ஜரில் போட்டு ஓர் இரவு விட்டால் முடித்துவிடும். அதன் பிறகும் தீர்ந்துகொண்டே இருந்தால் ஏதோ ஒரு பழுதான கோப்பில் அட்டவணை சிக்கிக்கொண்டிருக்கிறது. கடைசியாக ஏற்றியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்.